லைப்ரரியிலிருந்து ஒரு ஃபங்ஷனை நீக்குவது எப்படி, பழைய புரோகிராம்கள் படுத்துவிடாமல்

நான் பராமரித்துக்கொண்டிருந்த ஒரு சிஸ்டம் லைப்ரரியில் யாரும் தொடாத பழைய ஃபங்ஷன் ஒன்று கிடந்தது. எங்கள் மூல நிரல் முழுவதையும் தேடிப் பார்த்தேன், அதைக் கூப்பிடும் இடம் ஒன்றுகூட இல்லை. சரி என்று எடுத்துவிட்டேன். பில்டு ஓடியது, டெஸ்ட் எல்லாம் பாஸ், ரிலீஸும் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து, மாதக் கடைசி இரவில், கணக்கு முடிக்கும் புரோகிராம் ஒன்று பாதியில் நின்றது. தொடக்கத்திலேயே நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ஃபைல்களைத் திறந்து, பாதிப் பதிவுகளை எழுதி முடித்த பிறகு, எப்போதாவது மட்டுமே ஓடும் ஒரு கிளைக்குள் நுழைந்தபோதுதான் அந்த சிம்பல், அதாவது அந்த ஃபங்ஷனின் பெயர், கிடைக்கவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறந்தது. அதன் மூல நிரல் யாரிடமும் இல்லை. எழுதியவர் எப்போதோ போய்விட்டார், இருந்தது பைனரி, அதாவது கம்பைல் ஆகி ஓடத் தயாரான ஃபைல், மட்டும்தான்.

அந்த இரவுக்குப் பிறகு நான் இந்த வேலையைச் செய்யும் முறையே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். லினக்ஸில் சி லைப்ரரி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்ற இயங்குதளங்கள் இடையிடையே வரும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நிரல் அளவிலான இடைமுகத்தையும் பைனரி அளவிலான இடைமுகத்தையும் சுருக்கிச் சொன்னால் தமிழ் எழுத்தில் இரண்டுமே 'ஏபிஐ' என்றுதான் வரும். அதனால் அந்தச் சுருக்கத்தையே விட்டுவிடுகிறேன். மூலப் பொருத்தம் என்றால், பழைய நிரலைப் புதிய லைப்ரரியோடு மறுபடி கம்பைல் செய்ய முடிகிறதா என்பது. பைனரிப் பொருத்தம் என்றால், என்றைக்கோ கம்பைல் ஆன பைனரி, புதிய லைப்ரரியோடு அப்படியே ஓடுகிறதா என்பது. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் மாதிரி. ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஃபங்ஷனை நீக்குகிறேன் என்று சொல்பவர் பெரும்பாலும் விரும்புவது, இனிமேல் புதிதாக யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதைத்தான். அதற்கு மூல வாசலை மட்டும் மூடினால் போதும். மறுபடி கம்பைல் செய்பவர் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார், பிழையைப் பார்த்து அவரே திருத்திக்கொள்வார். ஓடிக்கொண்டிருக்கும் பைனரிக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், பைனரியில் பாருங்கள்

மூல நிரலில் தேடுவது பாதி வேலைதான். நிறுவப்பட்டிருக்கும் எல்லா பைனரிகளின் மேலும், எல்லா லைப்ரரிகளின் மேலும் 'என்எம்' கட்டளையை டைனமிக் சிம்பல் பட்டியலைக் காட்டும் தெரிவோடு ஓட்டுங்கள். வரையறுக்கப்படாத சிம்பல்கள் வரிசையில் உங்கள் ஃபங்ஷனின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அவர்கள்தான் உங்கள் உண்மையான பயனர்கள். திறந்த மூல உலகத்துக்குள் வெளியே யார் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் கோட் சர்ச் தளம் மிகவும் உதவும், அந்த விநியோகத்தில் இருக்கும் மூல நிரல் முழுவதும் அதில் தேடக் கிடைக்கிறது.

இதிலும் சிக்காத ஒரு கூட்டம் உண்டு. 'டிஎல்சிம்' மூலம் ஓடும்போது பெயரைச் சொல்லித் தேடுபவர்கள், பைத்தானின் 'சிடைப்ஸ்' வழியாகக் கூப்பிடுபவர்கள். இவர்கள் சிம்பல் பட்டியலில் வர மாட்டார்கள். ஃபங்ஷன் பெயரை வெறும் எழுத்துச் சரமாக பைனரிகளிலும் ஸ்கிரிப்ட்களிலும் தேடினால்தான் மாட்டுவார்கள். தேடி முடித்த பிறகும் ஒருவரும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் பார்த்த இயந்திரங்களில் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நின்ற அந்தப் புரோகிராம் ஏன் தொடக்கத்தில் நிற்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரோகிராமோடு லைப்ரரிகளை இணைத்து ஏற்றும் லினக்ஸ் லோடர் வழக்கமாக ஃபங்ஷன் முகவரிகளை முதல் முறை கூப்பிடும்போதுதான் தேடி நிரப்பும். ஆகவே சிம்பல் இல்லாத விஷயம் கூப்பிடும் கணம் வரை வெளியே தெரியாது. சூழல் மாறியில் 'எல்டி பைண்ட் நவ்' என்பதை வைத்து ஓட்டினால் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே தேடும், இல்லாதது உடனே தெரிந்துவிடும். டெஸ்ட் செய்யும்போது இதை எப்போதும் வைத்திருங்கள்.

எச்சரிக்கை காலம்

கம்பைலர் எச்சரிக்கைக்கு ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு சி கம்பைலர்களிலும் 'டெப்ரிகேட்டட்' என்ற பண்பு இருக்கிறது, அதற்குள் ஒரு செய்தியும் எழுதலாம். அந்தச் செய்தியை வெறுமனே விடாதீர்கள். 'இது பழையதாகிவிட்டது' என்று மட்டும் போட்டால் படிப்பவர் எரிச்சலோடு எச்சரிக்கையை அணைத்துவிட்டுப் போவார். மாற்று ஃபங்ஷன் எது, எந்த ரிலீஸில் இது போகிறது, இந்த இரண்டும் அந்த ஒரே வரியில் இருக்க வேண்டும். மாற்று இன்னும் தயாராக இல்லை என்றால் எச்சரிக்கையையே தள்ளிப்போடுங்கள் என்பது என் கருத்து.

கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்க்கர் மட்டத்திலும் எச்சரிக்கலாம். 'கெட்ஸ்' ஃபங்ஷனை லிங்க் செய்பவருக்கு, லினக்ஸின் முதன்மை சி லைப்ரரியான ஜிலிப்சி பல வருடங்களாக 'இது ஆபத்தானது, பயன்படுத்தக் கூடாது' என்று சொல்லிவருகிறது. எவ்வளவு எழுத்து வரும் என்று தெரியாமலே வாங்கி நினைவகத்தில் கொட்டும் ஃபங்ஷன் அது. 1988-இல் இணையத்தில் பரவிய மோரிஸ் வோர்ம் என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று அதுதான். 2011-இல் வந்த சி மொழித் தரம் அதைத் தூக்கியே விட்டது. ஆனாலும் ஜிலிப்சி பழைய பைனரிகளுக்காக அந்தப் பெயரை இன்னும் உள்ளே வைத்திருக்கிறது. இவ்வளவு மோசமான ஒன்றுக்கே பைனரி வாசல் திறந்திருக்கிறது என்றால், நம்முடைய சாதாரண ஃபங்ஷனை அவசரப்பட்டு வெட்ட எந்த நியாயமும் இல்லை.

ஓடும்போது எச்சரிக்கும் ஆசை வரும். பிழை வெளியீட்டில், அதாவது இரண்டாம் எண் கோப்பு விவரிப்பில், லைப்ரரி தானாக ஒரு வரி எழுதுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னணியில் ஓடும் பழைய புரோகிராம்கள் சில, தொடக்கத்திலேயே 0, 1, 2 மூன்றையும் மூடிவிடும். அப்புறம் அவை திறக்கும் மூன்றாவது ஃபைலுக்கு 2 என்ற எண்ணே கிடைக்கும். அது தரவுத்தள ஃபைலாக இருந்தால் உங்கள் எச்சரிக்கை வரி நேராக அதற்குள் போய் எழுதப்படும். எண்ணிக்கை வேண்டுமானால் சிஸ்டத்தின் பதிவேடான சிஸ்லாகுக்கு ஒரு புரோசஸுக்கு ஒரே ஒரு முறை அனுப்புங்கள், அதையும் நிர்வாகி ஒரு அமைப்பின் மூலம் இயக்கினால் மட்டும்.

மூல வாசலை மூடி, பைனரி வாசலைத் திறந்து வைப்பது

இதுதான் வேலையின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் லைப்ரரியின் பெயர் 'கணக்கு', நீக்க வேண்டிய ஃபங்ஷன் 'திற', அது 1.0 வெளியானபோதிலிருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஃபங்ஷன் எந்த வெர்ஷனில் வெளியே தெரிய வேண்டும் என்று லிங்க்கருக்குச் சொல்வது வெர்ஷன் ஸ்கிரிப்ட். அதைப் போட்டுக் கட்டிய லைப்ரரியில் அதன் முழுப் பெயர் திற@@கணக்கு_1.0 என்று இருக்கும். இரட்டை @ என்றால், புதிதாக லிங்க் செய்கிறவர்கள் வெறுமனே 'திற' என்று கேட்டால் இதைக் கொடு என்று அர்த்தம். ஒற்றை @ என்றால், ஏற்கெனவே இந்த வெர்ஷனோடு லிங்க் ஆன பைனரிகள் கேட்டால் மட்டும் கொடு, புதியவர்கள் கண்ணில் காட்டாதே என்று அர்த்தம். நீக்குவது என்றால் இந்த இரட்டை @ ஐ ஒற்றை @ ஆக மாற்றுவதுதான்.

செய்முறை இப்படி. நிரலில் அந்த ஃபங்ஷனின் பெயரைத் 'திற_பழைய' என்று மாற்றி, 'சிம்வெர்' என்ற அசெம்ப்ளர் கட்டளையால் அதைத் திற@கணக்கு_1.0 என்ற வெளிப்பெயரோடு இணையுங்கள். வெர்ஷன் ஸ்கிரிப்ட்டில் 1.0 பகுதியிலிருந்து 'திற' என்ற பெயரை எடுக்காதீர்கள், அது அங்கேயே இருக்க வேண்டும். ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெட்டர் ஃபைலிலிருந்து 'திற' அறிவிப்பை முழுவதுமாக எடுங்கள். புரோகிராமுக்குள்ளேயே நகலாகச் சேரும் ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் இந்தப் பழைய ஃபங்ஷனைச் சேர்க்கவே வேண்டாம், ஏனென்றால் அதோடு லிங்க் ஆவது எல்லாம் புதிய வேலைதான். லிங்க் நேர உகப்பாக்கம் இயக்கி இருந்தால் அசெம்ப்ளர் கட்டளை கம்பைலருக்குத் தெரியாமல் போய், யாரும் கூப்பிடவில்லை என்று ஃபங்ஷனையே அது தூக்கி எறியக்கூடும். ஜிசிசி 10-இலிருந்து இதே வேலைக்கு ஒரு பண்பு வந்திருக்கிறது, அங்கே அதைப் பயன்படுத்துங்கள்.

கட்டி முடித்ததும் மூன்றைச் சோதியுங்கள். 'ரீட்எல்ஃப்' மூலம் டைனமிக் சிம்பல்களைப் பார்த்தால் ஒற்றை @ தெரிய வேண்டும். 'திற' என்று கூப்பிடும் ஒரு சின்னப் புதிய நிரலை லிங்க் செய்தால் தோற்க வேண்டும். போன ரிலீஸோடு கட்டிய பைனரி, மறுபடி கட்டாமல், அப்படியே ஓட வேண்டும். கூடவே ஒன்றை மனதில் வையுங்கள்: ஒற்றை @ ஆன பெயரை வெர்ஷன் சொல்லாமல் 'டிஎல்சிம்' வழியாகத் தேடுபவருக்கு அது கிடைக்காமல் போகலாம். மேலே சொன்ன அந்தக் கூட்டம் உங்களுக்கு இருந்தால் அவர்களோடு தனியாகப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஹெட்டரை மட்டும் நீக்கிவிட்டு இரட்டை @ ஐ அப்படியே விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. கட்டுவதற்கு முன் சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆட்டோகான்ஃப் சோதனைகள் ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்க்க ஹெட்டரைத் தொடுவதில்லை. தாங்களே ஒரு போலி அறிவிப்பு எழுதி, லிங்க் ஆகிறதா என்று மட்டும் பார்க்கும். லிங்க் ஆகும், 'இருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் உண்மையான நிரல் கம்பைல் ஆகும்போது அறிவிப்பு இல்லை. பழைய கம்பைலர்கள் அப்போது அந்த ஃபங்ஷன் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருவதாக ஊகித்துக்கொள்ளும். அது சுட்டியைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக இருந்தால் 64 பிட் முகவரி 32 பிட்டாக வெட்டுப்பட்டு, ஓடும்போது எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும். 2024-இல் வந்த ஜிசிசி 14 இப்படி ஊகிப்பதை நிறுத்திப் பிழையாக்கிவிட்டது, ஆனால் பழைய கம்பைலர்கள் இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஹெட்டரும் லிங்க்கும் ஒரே ரிலீஸில் சேர்ந்தே போக வேண்டும்.

உங்கள் லைப்ரரியில் வெர்ஷன் ஸ்கிரிப்ட்டே இல்லையா? அப்படியானால் இந்த ரிலீஸில் எதையும் நீக்காமல் முதலில் அதை மட்டும் கொண்டுவாருங்கள். நீக்குவது அடுத்த ரிலீஸுக்கு.

பெயர் மாறாமல் நடத்தை மட்டும் மாறும்போது

ஃபங்ஷன் அங்கேயேதான் இருக்கிறது, அது தந்துகொண்டிருந்த ஒரு வசதி மட்டும் போகிறது. இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் வகை, ஏனென்றால் சிம்பல் பட்டியலைப் பார்க்கும் கருவிகள் இதைக் கண்டுபிடிக்காது. 'மெம்காப்பி' கதை இதற்கு நல்ல பாடம். ஒன்றின் மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளை அதைக்கொண்டு நகலெடுக்கக் கூடாது, அதற்கு 'மெம்மூவ்' இருக்கிறது என்று தரம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பழைய செயலாக்கத்தில் பல நேரம் அது தற்செயலாகச் சரியாகவே வந்துகொண்டிருந்தது. 2010-இல் ஜிலிப்சி அதை வேகப்படுத்தியபோது நகலெடுக்கும் திசை மாறியது, ஃப்ளாஷ் பிளேயரில் ஒலி சிதற ஆரம்பித்தது. தவறு யாருடையது என்று நீண்ட வாதம் நடந்தது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்பட. தரத்தின்படி தவறு கூப்பிட்டவருடையதுதான், ஆனால் சிதறிய ஒலியோடு உட்கார்ந்திருந்தவர் ஜிலிப்சி எழுதியவரும் இல்லை, ஃப்ளாஷ் எழுதியவரும் இல்லை.

2011-இல் வந்த 2.14 வெர்ஷனில் வந்த தீர்வு அழகானது. 64 பிட் எக்ஸ்86-இல் பழைய 2.2.5 வெர்ஷன் பெயரைக் கேட்கும் பைனரிகளுக்கு 'மெம்மூவ்' போலப் பாதுகாப்பாக நடந்துகொள்ளும் ஒன்று கிடைத்தது, புதிதாக லிங்க் ஆகிறவற்றுக்கு வேகமான புதியது கிடைத்தது. இதற்கும் ஒரு விலை உண்டு: புதிய சிஸ்டத்தில் கட்டிய பைனரி பழைய சிஸ்டத்தில் '2.14 இல்லை' என்று சொல்லித் தொடங்க மறுக்கும். ஆகவே புதிய வெர்ஷன் பெயரைச் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு இதே பிரச்சினையை வேறு கோணத்தில் அணுகுகிறது. ஒவ்வொரு செயலியும் தான் எந்த வெர்ஷனைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று அறிவிக்க வேண்டும், சிஸ்டம் அதைப் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும். அப்பாச்சி எச்டிடிபி கிளையன்டை அவர்கள் நீக்கிய விதத்தைப் பாருங்கள். 2015-இல் 6.0 வந்தபோது கம்பைல் செய்யும் தொகுப்பிலிருந்து எடுத்தார்கள், ஓடும் சிஸ்டத்தில் அது இருந்தது. 2018-இல் 9 வந்தபோது, அந்த வெர்ஷனைக் குறிவைத்த செயலிகளுக்கு மட்டும் ஓடும்போதும் கிடைக்காமல் செய்தார்கள், அதிலும் வேண்டுமென்றால் ஒரு வரி அறிவித்துத் திரும்பப் பெறலாம். இரண்டு வாசல்கள், நடுவில் மூன்று வருடம்.

உள்ளே இருந்த திறனே போய்விட்டால்

சில நேரம் ஃபங்ஷனின் பின்னால் வேலை செய்துகொண்டிருந்ததே இல்லாமல் போகும். லினக்ஸ் கெர்னல் 5.5-இல் 'சிஸ்கன்ட்ரோல்' என்ற பழைய சிஸ்டம் அழைப்பை நீக்கியது. 2020-இல் வந்த ஜிலிப்சி 2.32 அதற்கான ஹெட்டரை எடுத்தது, புதிதாக லிங்க் செய்வதை நிறுத்தியது, ஆனால் பழைய பைனரிகளுக்காக சிம்பலை வைத்துக்கொண்டது. கூப்பிட்டால் 'இந்த வசதி இல்லை' என்ற பிழை எண்ணோடு உடனே திரும்பும். இதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். கூப்பிடுபவர் ஏற்கெனவே கையாளத் தெரிந்த பிழையைக் கொடுங்கள். எதுவும் செய்யாமல் வெற்றி என்று மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். மறைகுறியாக்க ஃபங்ஷன் ஒன்று அப்படிச் செய்தால், பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று நம்பி வெற்றுத் தரவை அனுப்பும் புரோகிராம் ஒன்று எங்கோ உருவாகிறது.

ஃபைலே போவதும் உண்டு. 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34, த்ரெட் லைப்ரரியை முதன்மை சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஆனாலும் 'லிப்பித்ரெட்' ஃபைல் இன்னும் நிறுவப்படுகிறது. பழைய பைனரிகள் தங்களுக்குத் தேவையான லைப்ரரிகளின் பெயர்களை உள்ளே எழுதி வைத்திருக்கும், அவற்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் லோடர் தொடங்கவே விடாது. பெயருக்கு ஒரு ஃபைல் இருந்தால் அவை ஓடும்.

எதுவுமே முடியவில்லை, பைனரி வாசலையும் மூடத்தான் வேண்டும் என்றால் லைப்ரரியின் பெயரில் இருக்கும் கடைசி எண்ணை ஏற்றுங்கள், ஒன்றிலிருந்து இரண்டு. பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நிறுவப்படட்டும். ஒரே புரோசஸுக்குள் இரண்டும் வேறு வேறு லைப்ரரிகள் வழியாக வந்து சேரும் நாள் வரும், அப்போது சிம்பல்களுக்கு வெர்ஷன் இருந்தால்தான் ஒன்றின் ஃபங்ஷன் மற்றதன் தரவைத் தொடாமல் இருக்கும்.

சோதிக்க ஒரு பழைய பைனரிக் களஞ்சியம்

ஒவ்வொரு ரிலீஸின் போதும் ஒரு சில சோதனைப் புரோகிராம்களைக் கட்டி, அந்த பைனரிகளை அப்படியே ஓர் இடத்தில் பூட்டி வையுங்கள். மறுபடி கட்டவே கூடாது, கட்டினால் சோதனைக்கே அர்த்தம் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய லைப்ரரியைக் காட்டி, மேலே சொன்ன சூழல் மாறியோடு இவற்றை ஓட்டுங்கள். கூடவே 'அபிடிஃப்' கருவியால் போன ரிலீஸையும் இதையும் ஒப்பிடுங்கள். காணாமல் போன சிம்பல், அளவு மாறிய ஸ்ட்ரக்ட் (பல புலங்கள் சேர்ந்த தரவுத் தொகுப்பு), இரண்டையும் அது பிடித்துவிடும். ஸ்ட்ரக்டிலிருந்து ஒரு புலத்தை நீக்குவதும் நீக்கம்தான், அடுத்து வரும் எல்லாப் புலங்களின் இடமும் நகர்ந்துவிடும். பெயரை 'பயன்படுத்தாதது' என்று மாற்றி இடத்தை அப்படியே விடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஏதாவது தப்பும். 2022-இல் ஜிலிப்சி 2.36 தன் லைப்ரரி ஃபைல்களில் சிம்பல்களைத் தேடுவதற்கென்று இருந்த பழைய ஹேஷ் அட்டவணையைக் கட்டாமல் விட்டது, புதிய அட்டவணை பல வருடங்களாகவே இருந்ததால். விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் ஒன்று அந்தப் பழைய அட்டவணையை நேரடியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது, அந்த விளையாட்டுகள் திறக்கவில்லை. சில விநியோகங்கள் அட்டவணையைத் திரும்பக் கொண்டுவந்தன. அதனால் நீக்கத்தைத் தனி கமிட்டாக வையுங்கள், வேறு எதையும் அதோடு கலக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அதை மட்டும் திருப்பி எடுக்க முடிய வேண்டும்.

காலம் எவ்வளவு என்று கேட்பார்கள். வேறு கணினியில் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட உதவும் சன் ஆர்பிசி வசதியை ஜிலிப்சி 2011-இல் புதிய லிங்க்குக்கு மூடிப் பார்த்தது. மாற்று லைப்ரரிக்கு எல்லோரும் இன்னும் தயாராக இல்லாததால் கட்டும் நேரத் தெரிவாக அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஹெட்டர்கள் நிரந்தரமாகப் போனது 2020-இல்தான். உங்களுக்கு ஒன்பது வருடம் வேண்டியிருக்காது, ஆனால் உங்கள் பயனர்கள் பயன்படுத்தும் நீண்ட கால ஆதரவு வெளியீடு ஒன்றாவது எச்சரிக்கையோடு போய்ச் சேர்ந்த பிறகு மூடுங்கள்.

கடைசியாக ரிலீஸ் குறிப்பு. பழைய பெயர், அதற்கு மாற்று, மாற்றி எழுதிய நாலு வரி உதாரணம், பழைய பைனரிக்கு என்ன ஆகும் என்பது, இவ்வளவையும் எழுதுங்கள். லிங்க்கர் காட்டப்போகும் பிழை வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே அதில் ஒட்டுங்கள். நடு இரவில் மாட்டிக்கொள்பவர் தேடுபொறியில் அந்த வரியைத்தான் போடுவார், முதலில் உங்கள் குறிப்பு வரட்டும்.